நாவலப்பிட்டிப் பிள்ளையும் பாய்ஸ் கம்பெனியும்

கண்டியிலிருந்து கம்பளை வழியாக நாவலப்பிட்டிக்குப் போகும் வீதி மகாவலியை ஒட்டியே செல்கிறது. இந்த ஊரை வளர்த்தது புகையிரதம். 1874 இல் பாதை நாவலப்பிட்டி வரை வந்து சேர்ந்தது. அதன் பிறகு மேலே தோட்டங்களுக்குப் போகும் ஆட்களும் அரிசி மூட்டைகளும், கீழே இறங்கும் கோப்பியும் பின்னர் தேயிலையும் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போயின. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், கேரளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த மலையாளிகள் எல்லோரும் கலந்திருந்த கடைத்தெரு அது. 1917 ஜனவரி 17 ஆம் திகதி இங்கே ஒரு மலையாளக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர்தான் மருதூர் கோபாலன் இராமச்சந்திரன், எம்.ஜி.ஆர்.

எம்.ஜி.ஆர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது எமது வாசகர்களுக்குப் புதிய செய்தி இல்லை. நாடகம், சினிமா, கோட்டை என்று அவர் வாழ்க்கையை மூன்று சொல்லில் சொல்லி முடிப்பதும் வழக்கம். அந்த முதற் சொல்லைத்தான் எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஆறேழு வயதில் ஒரு பையன்கள் குழுவில் சேர்க்கப்பட்டு, மீசை அரும்பும் வயது வரை அங்கேயே வளர்ந்தவர் அவர். பிற்காலத்தில் கூட்டத்தைக் கட்டி வைத்த அந்த நடை, கையசைப்பு, புன்னகை எல்லாவற்றுக்கும் பயிற்சி அங்கேதான் கிடைத்தது.

இன்றைக்குக் கண்டியிலோ வவுனியாவிலோ உள்ள ஒரு பதின்ம வயதுப் பிள்ளையின் கைபேசியில் கொரியப் பையன்களின் பாட்டுக் குழு ஒன்றாவது இருக்கும். அழகான சிறுவர்களைத் தேடிப் பிடித்து, ஒரே விடுதியில் தங்கவைத்து, பாட்டும் ஆட்டமும் சொல்லிக் கொடுத்து, ஒப்பந்தம் போட்டு மேடையேற்றுவது அங்கே ஒரு தொழில். தமிழ்நாட்டில் அந்தத் தொழில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர் பாய்ஸ் கம்பெனி. பெயரே ஆங்கிலத்தில்தான். பாலர் சபை என்ற தமிழ்ப் பெயரும் இருந்தது. சனங்களின் வாயில் கம்பெனி என்பதே நின்றது.

எம்.ஜி.ஆரின் தந்தை கோபால மேனன். தாய் சத்தியபாமா, பாலக்காட்டை அடுத்த வடவன்னூரைச் சேர்ந்தவர். மருதூர் என்பது தாய் வழி வீட்டுப் பெயர். மகன் கைக்குழந்தைப் பருவம் தாண்டி இரண்டரை, மூன்று வயதாக இருக்கும்போது தந்தை இறந்துபோனார். மூத்தவர் சக்கரபாணிக்கு அப்போது ஒன்பது வயதளவில். மற்றப் பிள்ளைகள் சிறுவயதிலேயே இறந்தார்கள். அந்நிய நாட்டில் கணவனை இழந்த பெண், கையில் காசில்லை, சுற்றி உறவினர் இல்லை. சத்தியபாமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்தார்.

அந்தக் காலத்தில் கடல் கடப்பது என்றால் தலைமன்னாரும் தனுஷ்கோடியும்தான் பெரும்பாலானோருக்கு வழி. 1914 இல் தொடங்கிய அந்தக் கப்பல் சேவையை நம் பாட்டன்மார் போட் மெயில் என்பார்கள். அக்கரையில் மண்டபம். மலையகத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் முன் தொற்றுநோய்க்குத் தடுத்து வைத்துச் சோதிக்கும் முகாம் அங்கே இருந்தது. பிற்காலத்தில் 1983 க்குப் பிறகு படகேறிப் போன நம்மவர்கள் பதிவு செய்யப்பட்டதும் அதே மண்டபத்தில். இந்த வாசகர்களில் சிலர் அங்கே பிறந்துமிருப்பீர்கள்.

குடும்பம் கும்பகோணத்தில் ஒதுங்கியது. அறிமுகமான ஒருவரின் ஆதரவு கிடைத்தது. தாய் வீட்டு வேலை செய்து பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் அங்குள்ள யானையடிப் பாடசாலைக்குப் போனார்கள். இளையவரின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. காரணம் பசி. பல நாட்கள் அடுப்பு எரியாத வீடு அது என்பதை அவரே பிற்காலத்தில் ஆனந்த விகடனில் நான் ஏன் பிறந்தேன் என்ற தொடரில் விரிவாக எழுதினார். படிக்கவைக்க வழியில்லாத தாய் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. சாப்பாடும் துணியும் கொடுத்து ஒரு தொழிலும் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இரண்டு மகன்களையும் விடுவது. உறவினர் ஒருவரின் முயற்சியில் அண்ணனும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்கள்.

இந்தக் கம்பெனிகள் ஏன் தோன்றின என்பது சுவையான கதை. நாடகத்துக்குப் பெரிய மனிதர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867 இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். ஒரே இரவில் ஒரு முழு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக எழுதிக் கொடுத்தவர் என்று அவருக்குப் புகழ். வயதுவந்த நடிகர்களை வைத்து நாடகம் போட்டுப் போட்டு அவர் சலித்துப் போனார். ஒருவர் குடித்துவிட்டு வருவார், ஒருவர் எழுதாத பாட்டைப் பாடுவார், இன்னொருவர் மேடையிலேயே எதிர் நடிகரை மடக்கிச் சண்டை பிடிப்பார். சிறுவர்கள் என்றால் சொன்னதைக் கேட்பார்கள். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவரை ஆசிரியராகக் கொண்டு உருவானது. டி.கே.எஸ் சகோதரர்கள் அங்கே பாடம் கேட்டவர்கள்தான். அதே மதுரையில் ஜெகந்நாத ஐயர் தனியாக ஒரு கம்பெனி நடத்தினார். ஒழுக்கத்துக்கும் அடிக்கும் பெயர் போனது அது. நவாப் ராஜமாணிக்கமும் எம்.ஆர்.ராதாவும் அங்கிருந்து வந்தவர்கள். சச்சிதானந்தம் பிள்ளை நடத்தியதுதான் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. ஒரிஜினல் என்று பெயரிலேயே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால் போட்டி எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கம்பெனிக்குள் வாழ்க்கை ஒரு விதமான துறவு. விடிவதற்கு முன் எழுப்பி விடுவார்கள். குரல் சாதகம், பிறகு பாடம் ஒப்புவித்தல், ஆட்டம், வாள் வீச்சு, சிலம்பம். சொல்லிக்கொடுப்பவருக்கு வாத்தியார் என்று பெயர். கையில் பிரம்பு இருக்கும். ஒரு நாடகத்தின் எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் ஒவ்வொரு பையனும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றிரவு வேறொருவன் அந்த வேடத்தைப் போட்டாக வேண்டுமே. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் சாமம் தாண்டியும் ஓடும். கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசையில் மண்தரையில் இருப்பவனுக்கும் கேட்கும்படி பாடத் தெரிந்தவனே நடிகன்.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்களுக்குப் பிரிவு. பெண் வேடமும் பையன்களே கட்டினார்கள். குட்டி இராமச்சந்திரனும் சேலை கட்டி ஆடியிருக்கிறார். பிற்காலத்தில் திரையில் வாளெடுத்துப் பத்துப் பேரைச் சாய்த்தவர், பெண் எப்படித் தலையைச் சாய்ப்பாள், எப்படி நாணுவாள் என்பதையும் உடம்பால் கற்றவர். அவரது நடையில் இருந்த அந்த மென்மைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சாப்பாடு, உடுப்பு, தங்குமிடம் கம்பெனி பொறுப்பு. சம்பளம் சொற்பம். பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் முதலாளியிடம் இருக்கும். கெட்டிக்காரப் பையனை இன்னொரு கம்பெனிக்காரன் ஆசை காட்டித் தூக்கிப்போவதும், பையன்களே இரவோடிரவாக ஓடிப்போவதும், வழக்கு வம்பு வருவதும் சாதாரணம். கொரியாவில் 2009 இல் டோங் பாங் ஷின் கி என்ற பெரும் குழுவின் மூன்று பையன்கள் தங்கள் 13 ஆண்டு ஒப்பந்தத்துக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டில் அங்கே மாதிரி ஒப்பந்தங்களில் ஏழு ஆண்டு என்று எல்லை வந்தது. நம் பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்கு அப்படி யாரும் எல்லை போடவில்லை. அவர்களுக்கு எல்லை போட்டது அவர்களின் தொண்டை.

பையனின் கூர்மையான குரல் பருவம் வந்ததும் உடையும். நாடகக்காரர் அதை மகரக்கட்டு என்பார்கள். நேற்று வரை கொட்டகையை நிறைத்த பையன் இன்று வாய் திறந்தால் கரகரப்பு. கம்பெனிக்கு அவன் இனி ஒரு சாப்பாட்டுச் செலவு. எத்தனையோ பிள்ளைகளின் பெயர் அந்த ஒரு மாதத்தோடு அழிந்துபோயிருக்கிறது.

எம்.ஜி.ஆர் சேர்ந்த காலத்தில் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் நட்சத்திரம் அவர் அல்லர். புதுக்கோட்டைப் பையன் பி.யு.சின்னப்பாதான். மாதம் 15 ரூபாய்க்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர். பாட்டைக் கேட்ட முதலாளி சம்பளத்தை ஒரேயடியாக 75 ஆக்கினார் என்பது நாடக உலகில் பலரும் சொன்ன செய்தி. சின்னப்பா மேடைக்கு வந்தால் கொட்டகை எழுந்து நிற்கும். திரும்பப் பாடு என்று கூச்சல். நாடகப் பாட்டுகள் சின்னப் புத்தகங்களாக அச்சாகிச் சந்தையில் விற்றன. அந்த ஆரவாரத்தை ஓரத்தில் நின்று, சின்ன வேடத்தில், பார்த்துக்கொண்டிருந்தவர்தான் நாவலப்பிட்டிப் பிள்ளை. பிறகு சின்னப்பாவுக்கும் மகரக்கட்டு வந்தது. கம்பெனியை விட்டு வெளியேறினார். சாதகம் செய்து செய்து புதிய குரலைக் கட்டியெழுப்பி, கண்ணகி, ஜகதலப்பிரதாபன் என்று திரையில் மீண்டு வந்தார். 1951 இல் இளவயதிலேயே இறந்தும் போனார்.

எம்.ஜி.ஆருக்கும் குரல் உடைந்தது. அவருக்குச் சின்னப்பாவின் சங்கீதம் இல்லை. ஆனால் கம்பெனியில் காளி என்.ரத்தினம் போன்ற மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்த சண்டையும் உடற்பயிற்சியும் கைவசம் இருந்தன. பாட்டை இழந்த பையன் உடம்பை வளர்த்தான். இது சிறிய விடயம் போலத் தெரியும். பின்னாளில் அவரைப் பார்க்க வந்த கூட்டம் எதைப் பார்க்க வந்தது என்று யோசித்தால் அப்படித் தோன்றாது.

இந்தக் கலை அப்போது இலங்கையிலும் பொங்கி ஓடியது. தமிழ்நாட்டுக் குழுக்கள் கொழும்பு ஜிந்துப்பிட்டியில் நாடகம் போட்டன. பாலர் மேடையிலிருந்து எழுந்த இன்னொரு குரலான எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது 1920 களின் நடுப்பகுதியில் இலங்கையில்தான். தோட்டங்களில் அதற்குக் கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்கள் லயன்களுக்கு முன்னால் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தியபாமாவின் கணவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு நாவலப்பிட்டி இளைஞராக இராமச்சந்திரன் இருந்திருக்கலாம். 1930 களில் ஏ.ஈ.குணசிங்கவின் தொழிற்சங்கம் மலையாளிகளுக்கு எதிராக நடத்திய பிரசாரத்தையும் அப்போது பார்த்திருப்பார். வந்தவன் நீ, போ என்ற குரல் இந்தத் தீவில் முதலில் அவர்கள் காதிலும் விழுந்தது.

கம்பெனியில் புராணக் கதைகளே ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் எம்.கந்தசாமி முதலியார் என்ற ஆசிரியர் வந்து சேர்ந்தார். கோட்டு, சட்டை போட்ட சமூகக் கதைகளை மேடையேற்றினார். குடியின் கேட்டைச் சொல்லும் பதிபக்தி அவற்றில் பெரிய வெற்றி. எம்.ஜி.ஆரின் மேல் நம்பிக்கை வைத்தவர் இவர். அவருடன் ரங்கூன் வரை நாடகத்துக்குப் போய்வந்தார் எம்.ஜி.ஆர். முதலியாரின் மகன்தான் எம்.கே.ராதா. மகனுக்குச் சினிமாவில் கதாநாயக வேடம் வந்தபோது முதலியார் கம்பெனிப் பையன்கள் சிலரையும் உள்ளே கொண்டுபோனார்.

அந்தப் படம் 1936 இல் வந்த சதி லீலாவதி. அமெரிக்கரான எல்லிஸ் டங்கன் இயக்கியது. எஸ்.எஸ்.வாசன் விகடனில் எழுதிய கதை. என்.எஸ்.கிருஷ்ணனும் டி.எஸ்.பாலையாவும் அறிமுகமானதும் இதில்தான். பதிபக்திக் காரர்கள் கதை எங்களுடையது என்று வழக்குப் போட்டார்கள். இரண்டு கதைக்கும் மூலம் ஹென்றி வூட் சீமாட்டியின் ஆங்கில நாவல்தான் என்று வாசன் விளக்கம் கொடுக்க, வழக்கு நமத்துப் போனது. நமக்கு முக்கியம் வேறு. அந்தக் கதையின் நாயகன் கொலை செய்துவிட்டதாக நம்பி ஊரை விட்டு ஓடுகிறான். ஓடி எங்கே வருகிறான்? இலங்கைக்கு. இங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கிறான். கண்டிச் சீமை என்று பாட்டிலும் பழமொழியிலும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் அறிந்திருந்த இடத்தின் துன்பம் தமிழ்த் திரைக்கு வந்த ஆரம்ப நாட்களில் அதுவும் ஒன்று. அந்தக் கண்டிச் சீமையிலேயே பிறந்த இளைஞன் அதில் ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டராகச் சில நிமிடம் வந்து போனான். முன்பணமாக அவர் கையில் கிடைத்தது 100 ரூபாய்.

அதன் பிறகு பதினோரு ஆண்டுகள். அசோக்குமார், மீரா, ஸ்ரீமுருகன் என்று சிறு வேடங்கள். வயது முப்பதைத் தொட்டபோது, 1947 இல், ஜுபிடர் நிறுவனத்தின் ராஜகுமாரி அவரைக் கதாநாயகனாக்கியது. வசனத்தில் கைகொடுத்தவர் இளைஞர் மு.கருணாநிதி. அடுத்து மந்திரி குமாரி, மர்மயோகி, மலைக்கள்ளன். 1958 இல் தானே தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன். இந்தப் பட்டியலை எல்லோரும் அறிவார்கள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். திரையில் பின்னணிப் பாட்டு வந்தபோது, மகரக்கட்டில் போன குரல் அவருக்குத் தடையாக இல்லாமல் போயிற்று. டி.எம்.சௌந்தரராஜன் பாடினார், எம்.ஜி.ஆர் வாயசைத்தார். அந்தப் பாட்டுகளை இலங்கை வானொலி அலைவரிசையில் ஏற்ற, அவை தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் நம் தோட்ட லயன்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. சின்னப்பா மூச்சுப் பிடித்துக் கொட்டகையின் கடைசி வரிசைக்கு அனுப்பிய பாட்டு இப்போது கடல் தாண்டியது.

அவரோடு மட்டுமல்ல, அக்காலத் தமிழ்த் திரையே பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளால் நிறைந்திருந்தது. சிவாஜி கணேசன், எம்.ஆர்.ராதா, கே.ஏ.தங்கவேலு, எஸ்.எஸ்.ராஜேந்திரன், காக்கா ராதாகிருஷ்ணன் என்று எண்ணிக்கொண்டே போகலாம். ரசிகர்கள் எம்.ஜி.ஆரை வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். பிரம்போடு நின்ற அந்தக் கம்பெனி வாத்தியார்களிடமிருந்து வந்த சொல் அது என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை.

1965 இல் எங்க வீட்டுப் பிள்ளை பெருவெற்றி பெற்றது. அதே ஆண்டு சரோஜாதேவியுடன் அவர் இலங்கைக்கு வந்தார். போன இடமெல்லாம் சனவெள்ளம். கைக்குழந்தைப் பருவம் தாண்டியவுடன் ஏழையாகக் கடல் கடந்தவர், நாற்பத்தெட்டு வயதில் மன்னர் போல வந்திறங்கினார். அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான், 1964 ஒக்டோபர் 30 இல், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தன. அவரைப் பார்க்கத் திரண்ட மலையகத்தவரில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் விழுவோம் என்று தெரியாமல் நின்றிருப்பார்கள். தனுஷ்கோடி துறையையும் 1964 டிசம்பர்ப் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறந்த மண்ணிலிருந்து அந்த மக்கள் பின்னர் இராமேஸ்வரத்தில் போய் இறங்கி, தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியேறினார்கள். அவர்களில் எவரையும் விட முதலில் அந்தப் பாதையில் போன பிள்ளை என்று எம்.ஜி.ஆரைச் சொல்லலாம். ஆனால் முதலமைச்சரான பிறகு அவர் அவர்களைப் பற்றிப் பேசியது, நாம் எதிர்பார்க்கும் அளவுக்குக் கிடையாது.

1967 ஜனவரி 12. சென்னையில் அவர் வீட்டில் எம்.ஆர்.ராதா அவரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள்; ஒரே கஞ்சியைக் குடித்து, ஒரே பிரம்புக்குப் பயந்து வளர்ந்த தலைமுறை. பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். இருவரும் பிழைத்தார்கள். ராதா சிறை சென்றார். எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்த குண்டு அவர் குரலைக் கெடுத்துவிட்டது. பையனாக இருந்தபோது ஒருமுறை போன குரல் ஐம்பது வயதில் இரண்டாம் முறை போனது. கழுத்தில் கட்டுடன் படுத்திருந்த அவர் படம் சுவரெங்கும் ஒட்டப்பட, அடுத்த மாதத் தேர்தலில் பரங்கிமலையில் வென்றார். ஆண்டு இறுதிக்கு முன் காவல்காரன் வெளியானது. வேறொருவர் குரலை வைத்துக் கொள்ளலாம் என்ற வழி இருந்தும், தெளிவில்லாத தன் சொந்தக் குரலோடுதான் அதில் பேசினார். சனம் அதையும் ஏற்றுக்கொண்டது.

1972 ஒக்டோபரில் அண்ணா தி.மு.க. 1977 ஜூனில் முதலமைச்சர். அவர் ஆட்சியில் நல்லதும் இருந்தது, கடுமையும் இருந்தது. பாய்ஸ் கம்பெனியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். 1982 ஜூலை 1 ஆம் திகதி திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். காமராஜர் காலத்திலேயே பாடசாலையில் மதிய உணவு இருந்தது. எம்.ஜி.ஆர் அதை இரண்டு வயதுக்கு மேற்பட்ட, பாடசாலைக்கே போகாத குழந்தைகளுக்கும் நீட்டினார். இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று அதிகாரிகளும் பொருளியலாளர்களும் கேட்டார்கள். மூன்றாம் வகுப்பில் பசியால் நின்று, சோறு போடும் இடம் என்பதற்காகவே கம்பெனியில் விடப்பட்ட ஒருவரிடம் அந்தக் கேள்வி எடுபடவில்லை. இன்றும் அந்தத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

1983 க்குப் பிறகு ஈழத்தமிழருக்கும் போராளிகளுக்கும் அவர் செய்தவை எமது வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. 1986 நவம்பரில் அவருடைய பொலிஸார் போராளிகளைக் கைது செய்ததும் தொலைத்தொடர்புக் கருவிகளைப் பறித்ததும், பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்ததும், பிறகு அவை திருப்பிக் கொடுக்கப்பட்டதும் அதே கதையின் பகுதிகள்தான். அதை விரித்து எழுத இது இடமில்லை.

1984 ஒக்டோபர் 5 ஆம் திகதி சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் பழுதடைந்திருந்தது, பக்கவாதமும் தாக்கியது. நியூயோர்க்கின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. இங்கே தேர்தல் வந்துவிட்டது. ஆண்டிப்பட்டியில் அவர் பெயரில் வேட்புமனு. தலைவரோ கடலுக்கு அப்பால் கட்டிலில். அவர் மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் பத்திரிகை பார்ப்பதையும் வீடியோவில் எடுத்துத் தமிழ்நாட்டு ஊர்களில் போட்டுக் காட்டினார்கள். அதில் அவர் மேடைப் பேச்சு எதுவும் இல்லை. உடம்பும் முகமும் கையசைப்பும் மட்டும். சனம் அதைப் பார்த்து வாக்களித்தது. 1985 பெப்ரவரியில் அவர் திரும்பி வந்தபோது பேச்சு குழறியது. குரல் மூன்றாம் முறை போயிருந்தது. அப்படியே முதலமைச்சராகப் பதவியேற்று, 1987 டிசம்பர் 24 ஆம் திகதி இறக்கும் வரை அந்தக் கதிரையில் இருந்தார்.

அண்ணன் சக்கரபாணி அதற்கு முந்திய ஆண்டு, 1986 ஓகஸ்டில், காலமாகிவிட்டார். ஒரே கம்பெனியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாக அடி வாங்கி, பிறகு தம்பியின் படங்களில் நடித்தவர். தந்தையின் முகத்தையும் நாவலப்பிட்டி வீட்டையும் நினைவில் வைத்திருக்கக்கூடிய வயது இரண்டு பேரில் அவருக்குத்தான் இருந்தது.